நானூற்றாறாம் இலக்க வாசல்

கட்டடப் பராமரிப்பாளர் எங்கள் சப்பாத்துகளை எண்ணத் தொடங்கியது 1986ஆம் ஆண்டின் குளிர்காலத்தில். பார்க்டேல் என்னும் நகரப் பகுதியில், ஏரிப் பக்கமாக இறங்கும் தெருவொன்றில் நின்ற ஏழுமாடிக் கட்டடம் அது. அவரைச் ‘சுப்பர்’ என்றே எல்லாரும் அழைத்தோம். காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் மேல்மாடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு நடைகூடமாக நடந்து வருவார். தமிழர் குடியிருந்த கதவுகளின் முன்னே நிற்பார். கையில் சிறிய குறிப்பேடு. காதில் செருகிய பென்சில். உதடுகள் அசையும். பிறகு எழுதுவார்.

காரணம் எளிது. கட்டடம் புதிய உரிமையாளரின் கைக்கு மாறியிருந்தது. இருந்தவர்களை வெளியேற்றிவிட்டு, வீடுகளைப் புதுப்பித்து, கூடிய வாடகைக்கு விட அவர் விரும்பினார். வெளியேற்றுவதற்குச் சட்டம் காரணம் கேட்கும். ஒப்பந்தத்தில் எழுதியதைக் காட்டிலும் கூடுதலானோர் ஒரு வீட்டில் வாழ்ந்தால் அது காரணமாகும். கதவைத் தட்டி உள்ளே நுழைந்து தலைகளை எண்ணச் சுப்பருக்கு உரிமை இல்லை. ஆனால் நாம் சப்பாத்தோடு வீட்டுக்குள் நுழையாத மக்கள். அவற்றை உள்ளே வைக்க அந்தச் சிறிய வீடுகளில் இடமும் இல்லை. ஆகவே, உள்ளே எத்தனை பேர் இருக்கிறோம் என்பதை நாமே கதவுக்கு வெளியே வரிசையாக வைத்திருந்தோம்.

நான் அந்தக் கட்டடத்தில் குடியிருந்தவன் அல்லன். இரண்டு தெருக்கள் தள்ளி ஒரு வீட்டின் மேல்தட்டில் எனக்கு ஓர் அறை. யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் சித்திரமும் சிற்பமும் கற்பித்த நான், இங்கே வந்தபின் ஒரு தொழிற்சாலையில் சீமெந்துப் பூந்தொட்டிகளையும் பறவைகள் நீர் அருந்தும் கிண்ணங்களையும் வார்த்துக்கொண்டிருந்தேன். மாலைச் சாப்பாட்டுக்கு மட்டும் நானூற்றாறாம் இலக்க வீட்டுக்குப் போவேன். அவ்வீட்டுப் பெண் எனக்கு உறவினர் அல்லர், ஊரில் அயற்கிராமத்தவர். அவர் என்னை அண்ணை என்றார். நான் அவரைத் தங்கச்சி என்றேன்.

அந்த ஒற்றைப் படுக்கையறை வீட்டில் எட்டுப் பேர் இருந்தனர். அவரும், வெதுப்பகத்தில் வேலை செய்த கணவரும், இரண்டு பிள்ளைகளும், கணவரின் தம்பியும், அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் மொன்றியல் வழியாக வந்து போக்கிடமின்றி நின்ற மூன்று இளைஞர்களும். ஒப்பந்தத்தில் இருந்த பெயர்கள் நான்கு.

சாப்பிட்டு முடித்து வெளியே வரும்போது, கதவடியில் கிடந்த சப்பாத்துகளை வரைவது எனக்கு வழக்கமாயிற்று. தையல்களுக்குள் மா படிந்து வெளுத்த வெதுப்பகப் பூட்ஸ். உப்புநீர் காய்ந்து வெள்ளைக் கோடு விழுந்த தோல் சப்பாத்து. ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் பிள்ளைகளின் பனிப் பூட்ஸ். வார் அறுந்த இடத்தில் ஊசி குத்திய இறப்பர்ச் செருப்பு. அந்த இளைஞர்களுள் ஒருவர் விமானத்தில் அணிந்து வந்தது. அவை கிடந்த கிடையை மாற்றாமல் வரைவேன். வரைந்து முடித்தபின், மூலையில் இருந்த என்னுடைய சோடியைக் கோடு போட்டு நீக்குவேன். நான் அந்த வீட்டுக்காரன் அல்லன் என்பதனால் அது அங்கே இருத்தல் பிழை என்று எனக்குத் தோன்றும்.

ஒரு மாலை நான் கதவடியில் குனிந்து சப்பாத்தைக் கழற்றும்போதே தங்கச்சி கதவைத் திறந்தார்.

“அண்ணை, அதை உள்ளுக்குக் கொண்டு வாங்கோ. சுப்பர் நேற்றுப் பின்னேரம் ஒன்பது எண்டு எழுதிப்போட்டார்.”

“உமக்கு எப்படித் தெரியும்?”

“கதவு ஓட்டையாலை பாத்துக்கொண்டு நிண்டனான். விரலை நீட்டி நீட்டி எண்ணுறார். ஒண்டைத் திருப்பிப் போட்டும் பாத்தவர்.”

உள்ளே கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்த கணவர் திரும்பாமலே சொன்னார்: “உங்கட சப்பாத்துக்கும் சேத்துத்தான் எங்களைக் கலைக்கப்போறாங்கள். வேணுமெண்டா இனி வெறுங்காலோடை வாங்கோ.”

அந்த வாரத்தோடு நடைகூடங்கள் வெறுமையாயின. எல்லாரும் சப்பாத்துகளை உள்ளே எடுத்துக்கொண்டனர். நானூற்றாறாம் இலக்க வீட்டில் அவை குளியல் தொட்டிக்குள் கிடந்தன. குளிப்பதாயின் எட்டுச் சோடியையும் வெளியே எடுக்கவேண்டும். குளித்தபின் தொட்டியைத் துடைத்து மறுபடியும் வைக்கவேண்டும். மூத்த பிள்ளை ஒருநாள் என்னிடம், “மாமா, எங்கட சப்பாத்துத்தான் ஒவ்வொரு நாளும் குளிக்குது,” என்றது.

எண்ணிக்கை நின்றது. ஆனால் மாசியில் ஐந்து குடும்பங்களுக்கு வெளியேற்ற அறிவித்தல் வந்தது. அதிகமானோர் குடியிருப்பதாக அதில் எழுதியிருந்தது.

ஐந்து குடும்பத்தவரும் பக்கத்துத் தேவாலயத்தின் அடித்தளத்தில் கூடினர். சட்ட உதவி நிலையத்திலிருந்து ஓர் இளம் வழக்கறிஞர் வந்திருந்தார். வெள்ளைக்காரப் பெண், வேகமாகப் பேசுவார், ஆனால் நாம் பேசும்போது பொறுமையாகக் காத்திருப்பார். சுப்பரின் குறிப்பேட்டைக் குறித்து அஞ்ச வேண்டாம் என்றார் அவர். கதவுக்கு வெளியே கிடக்கும் சப்பாத்து யாருடையது என்று எவரால் நிறுவ முடியும்? விருந்தினருடையதாகவும் இருக்கலாம் அல்லவா? ஒரு வீட்டில் எத்தனை பேர் இருக்கின்றனர் என்பதை அவர் கேட்கவில்லை. எவரும் சொல்லவும் இல்லை. வீட்டில் உண்பவர்களின் தொகையை வெளியாருக்குச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை. நமக்காக வாதாட வந்தவரும் அன்று நமக்கு வெளியார்தான்.

விருந்தினரைப் பற்றிய அந்தப் பேச்சு என் காதிலும் விழுந்தது. நான் அப்போது அடித்தளக் கதவின் அகலத்தை அளந்துகொண்டிருந்தேன். என் மனத்தில் வேறொன்று உருவாகிக்கொண்டிருந்தது.

என்னுடைய முறை வந்தபோது எழுந்து சொன்னேன். தேவாலயத்தின் முன்புறப் புல்வெளியில், தெருவால் போகிற எல்லாரும் காணும்படி, ஐந்து கதவடிகளைச் சீமெந்தில் வார்த்து வைப்போம். ஒவ்வொன்றிலும் அந்தந்த வீட்டுச் சப்பாத்துகள், கிடந்தபடியே. நாம் அஞ்சி உள்ளே ஒளித்தவற்றைத் தெருவில் வைப்போம். வழக்கறிஞருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. சப்பாத்தை அவர் ஓர் அடையாளமாக மட்டுமே, மெய்த் தொகையாக அல்ல, விளங்கிக்கொண்டார் என்பது எனக்குப் பிறகே தெரிந்தது. தேவாலயத்தினர் அடித்தளத்தையும் புல்வெளியையும் தந்தனர்.

வேலை பங்குனியில் தொடங்கியது. முதல் இடர் நான் எண்ணாதது: ஒவ்வொருவரிடமும் இருந்தது ஒரே ஒரு சோடி. பனி இன்னும் கரையவில்லை; சப்பாத்தை எனக்குத் தந்துவிட்டு அவர்கள் வெளியே போக முடியாது. ஆகவே, எனக்கு வேலையில்லாத வார இறுதிகளில், இரவு வேலைக்காரர் பகலில் உறங்கும் நேரத்தில் அவற்றை வாங்கிவந்தேன். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, தோலின்மேல் வாஸ்லின் பூசி, பிளாஸ்டரில் இரண்டு பாதியாக அச்செடுப்பேன். பிளாஸ்டர் சூடேறி இறுகும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரவு வேலைக்கு அவர்கள் புறப்படுமுன் துடைத்து, மினுக்கி, உரியவரின் கதவடியில் சேர்த்துவிட வேண்டும். ஒருமுறை தாமதமாகிவிட்டது. வெதுப்பகத்துக்குப் புறப்பட நின்ற கணவர் காலுறையோடு கதவைத் திறந்து, “என்ன, சிலைக்குப் போட்டு அழகு பாத்தனீங்களோ?” என்றார். அவருடைய பூட்ஸ் அதற்குமுன் அவ்வளவு பளபளத்ததில்லை.

மூன்று இளைஞர்களும் மாறி மாறி வந்து மணல் அரித்தனர். மற்றக் குடும்பத்தவர்கள் சாக்குத் துணி வெட்டினர். சப்பாத்துகளைத் தனியே வார்த்து ஒட்டினால் யாராவது பெயர்த்துக்கொண்டு போகக்கூடும் என்பதனால், கதவடியாக அமையும் சீமெந்துப் பலகையையும் சப்பாத்துகளையும் ஒரே வார்ப்பாக, ஓருடலாக வார்த்தேன். வார்த்தவற்றைச் சப்பாத்து மையினாலேயே தேய்த்தேன். இரண்டு அடி தூரத்தில் நின்றால் தோலா சீமெந்தா என்று எவரும் ஐயுறுவர்.

இலக்கம் பற்றி எழுந்த பேச்சை நான் மறக்கவில்லை. ஒவ்வொரு பலகையின் தலைப்பிலும் கதவிலக்கத்தைப் பதிக்க இருந்தேன். தங்கச்சி அதைக் கண்டபோது ஈரச் சீமெந்தருகே குந்தியிருந்து பார்த்தார்.

“அண்ணை, நம்பர் வேண்டாமே.”

“ஏன்?”

“தெரியேல்லை. மனசுக்கு ஒரு மாதிரிக் கிடக்கு. சப்பாத்து மட்டும் கிடந்தாப் போதாதோ?”

“இலக்கம் இல்லையென்றால் உது சப்பாத்துக்கடை, தங்கச்சி. ஆரோ ஆருடையதோ என்று பாத்திட்டுப் போவினம். இன்ன கதவு, இன்ன மனிதர் என்று இருக்கவேணும்.”

அவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். என்னோடு வாதாடிப் பழகியவர் அல்லர். “உங்களுக்குத் தெரியாததே,” என்று சொல்லிவிட்டு எழுந்தார். நான் 4, 0, 6 என்னும் மூன்று எண்களையும் அழுத்தினேன். மற்ற நான்கு வாசல்களிலும் சப்பாத்துகளின் தொகை ஒப்பந்தத்திலுள்ள பெயர்களைத் தாண்டவில்லை. இந்த ஒன்றில் மட்டும் எட்டு.

திறப்புநாள் வைகாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஐந்து பலகைகளும் புல்லின்மேல் ஒரு நடைகூடம்போல வரிசையாகக் கிடந்தன. அறுபது பேர்வரை கூடியிருப்பர். நான் ஆங்கிலத்தில் எழுதி, பலமுறை திருத்தி, மனனம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். இங்கே ஒன்றும் கற்பனையன்று என்றேன். ஒவ்வொரு சப்பாத்தும் அந்தக் கதவின்முன் கிடந்தது; கிடந்தபடியே இங்கு கிடக்கின்றது. ஒரு விருந்தினரின் சப்பாத்துக்கூட இவற்றில் இல்லை. நாள்தோறும் ஒரு கதவடியில் கிடந்த என்னுடைய சோடியையே நான் சேர்க்கவில்லை.

கை தட்டினார்கள். வயது முதிர்ந்த ஒருவர் பூவொன்றை வைப்பதற்காகப் பலகையருகே வந்தார். வந்தவர் தம் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினார். அடுத்தவரும் கழற்றினார். சற்று நேரத்தில் சீமெந்துச் சப்பாத்துகளுக்கு நடுவே மெய்ச் சப்பாத்துகள் கண்டபடி கிடந்தன. என் அமைப்புக் குலைகிறதே என்று எனக்கு எரிச்சல். ஒவ்வொன்றாக ஓரத்துக்கு எடுத்துவைக்கத் தொடங்கினேன். நிமிர்ந்தபோது, வேலியருகே சுப்பர் நின்றார். கழுத்தில் ஒளிப்படக்கருவி. அதை ஒருமுறை கண்ணருகே உயர்த்தி, இறக்கி, பின்பு காதிலிருந்த பென்சிலை எடுத்தார். உதடுகள் அசைந்தன.

தங்கச்சியும் கண்டார். கையில் பலகாரத் தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

“அவர் எங்கட பலகையைத்தான் எண்ணுறார்.”

“எண்ணட்டும். முன்னமும் எண்ணினவர்தானே.”

“முன்னம் அது அவரின்ரை கொப்பியிலை இருந்தது அண்ணை. இப்ப நாங்கள் எங்கட நம்பரைப் போட்டு, இவ்வளவு பேர்தான் எண்டு நாங்களே எழுதி வைச்சிருக்கிறம். விருந்தாளியும் இல்லை எண்டு நீங்கள் மைக்கிலை சொல்லிப்போட்டியள்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வழக்கறிஞர் திறந்து வைத்திருந்த ஒரே கதவை, அகலம் அளந்துகொண்டிருந்த நான், என் பேச்சினாலேயே அடைத்துவிட்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அறிவித்தல் வந்தது. மறுநாள் புதன்கிழமை முற்பகலில் நகராட்சிப் பரிசோதகர் நானூற்றாறாம் இலக்க வீட்டைப் பார்வையிட வருவார். அதிகமானோர் குடியிருப்பதாக அவர் எழுதிவிட்டால் வழக்கு முடிந்தமாதிரிதான் என்றார் வழக்கறிஞர். இந்த வீடு போனால், இரண்டு பிள்ளைகளோடும் வெளியேற்றப்பட்டவர் என்ற பெயரோடும் இன்னொரு வீடு தருவார் எவருமில்லை. அப்போதுதான் அவர் என்னை நேராகப் பார்த்து, அந்த வீட்டில் உண்மையில் எத்தனை பேர் என்று கேட்டார். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

திட்டுவதைத் தங்கச்சியின் கணவர் செய்தார். மெத்தைகளைச் சுருட்டி அடுத்த மாடி வீடுகளுக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர், படிக்கட்டில் என்னைக் கண்டு நின்றார்.

“நீங்கள் சிலை செய்தனீங்களோ, குடிசனக் கணக்கு எடுத்தனீங்களோ?”

நான் படியோரம் ஒதுங்கினேன்.

“மெத்தையை ஒளிக்கலாம். ஆக்களை ஒளிக்கலாம். சீமெந்தை எங்கை கொண்டுபோய் ஒளிக்கிறது? பிடியுங்கோ உந்தப் பக்கத்தை.”

நான் மெத்தையின் மறுமுனையைப் பிடித்தேன்.

அன்று மாலை வேலையிலிருந்து சுத்தியலும் உளியும் கொண்டுவந்தேன். புல்வெளியில் எவரும் இல்லை. நானூற்றாறின் முன்னே முழந்தாளிட்டு, எதை நீக்குவது என்று பார்த்தேன். ஊசி குத்திய செருப்பை நீக்கினால் செருப்பின் வடிவிலேயே ஒரு பள்ளம் இருக்கும். நான்கை நீக்கினால் நான்கு பள்ளம். ஓருடலாக வார்த்ததன் பயன் அது. உளியை வைத்தபோது பின்னால் காலடி கேட்டது. தங்கச்சி.

“உடைச்சாப் பயத்திலை உடைச்சதெண்டு சொல்லுவினம்.”

“அப்ப என்ன செய்யச் சொல்லுறீர்?”

“நான் என்னத்தைச் சொல்லுறது? செய்தது நீங்கள். நாளைக்கு அந்தாள் உங்களைத்தான் கேட்பார்.” சற்று நின்று சொன்னார்: “பொய் சொல்லுங்கோ எண்டு நான் கேட்கமாட்டன் அண்ணை. நீங்கள் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை எண்டு எனக்குத் தெரியும்.”

அவர் போய்விட்டார். அதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. ஆயினும் அவர் என்னிடம் சொன்ன சொற்களுள் அதனைவிடக் கடுமையானது வேறில்லை.

புதன்கிழமை தூறிக்கொண்டிருந்தது. வேலைக்குப் போகாமல் ஒன்பது மணியிலிருந்து புல்வெளியில் நின்றேன். பத்தரைக்குப் பரிசோதகர் கட்டடத்துக்குள் நுழைவதைக் கண்டேன். மழையங்கி அணிந்த, ஓய்வுபெறும் வயதை எட்டிய மனிதர். நான்காம் மாடிச் சாளரத்தில் ஓர் உருவம் அசைந்து மறைந்தது. பதினொரு மணிக்குச் சற்றுமுன் நால்வர் வெளியே வந்தனர்: பரிசோதகர், சுப்பர், வழக்கறிஞர், அவர்களுக்குப் பின்னே தங்கச்சி. வீட்டுக்குள் நான்கு பேருக்கான படுக்கைதான் இருந்தது என்பதும், அதனாலேயே சுப்பர் பரிசோதகரை இங்கே இழுத்து வருகிறார் என்பதும் அவர்களின் நடையிலேயே விளங்கின.

சுப்பர் ஒரு படத்தை நீட்டினார். பரிசோதகர் அதை மழைபடாமல் அங்கியின் மறைவில் பிடித்துப் பார்த்தார்.

“இதில் பதினான்கு சோடி இருக்கின்றன. அந்த வீட்டில் பதினான்கு பேரா?”

“இல்லை. அன்று வந்தவர்கள் கழற்றி வைத்தவையும் இருக்கின்றன. சீமெந்தில் உள்ளவை எட்டு. நீங்களே எண்ணுங்கள்.”

“சீமெந்தைக் கொண்டு எவரையும் வெளியேற்றி நான் கண்டதில்லை.”

“இவரைக் கேளுங்கள்,” என்று சுப்பர் என்னைச் சுட்டினார். “செய்தவர் இவர்தான். ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னிலையிலும் சொன்னார். எல்லாம் உள்ளபடி. விருந்தினருடையது ஒன்றும் இல்லை.”

பரிசோதகர் என்னிடம் திரும்பினார். அவருடைய தொப்பியின் விளிம்பிலிருந்து நீர் சொட்டியது. “நீங்கள் சொல்லுங்கள். இந்தச் சப்பாத்துகள் எல்லாம் அந்தக் கதவின்முன் கிடந்தவையா?”

வழக்கறிஞர் தரையைப் பார்த்தார். தங்கச்சி என்னைப் பார்க்கவில்லை. பிள்ளைகளின் இரண்டு சிறிய பூட்ஸையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லை,” என்றேன். “கற்பனை.”

“எல்லாமா?”

“ஐந்து பலகையும். அழகுக்காக அடுக்கினேன். இலக்கமும் அப்படித்தான்.”

“ஞாயிற்றுக்கிழமை வேறுவிதமாகச் சொன்னீர்களாமே. இரண்டில் எது பொய்?”

“ஞாயிற்றுக்கிழமை சொன்னது. என் வேலையைப் பெரிதாகக் காட்டுவதற்காகச் சொன்னேன்.”

சுப்பர் குனிந்து ஊசி குத்திய செருப்பைத் தொட்டார். “இது அந்த வீட்டில் இருக்கும் ஓர் இளைஞனுடையது. நான் கையிலே தூக்கிப் பார்த்திருக்கிறேன். இதே ஊசி.”

“என்னுடையது,” என்றேன். எண்ணிப் பார்க்குமுன் வாயிலிருந்து வந்துவிட்டது.

“அப்படியானால் காலை வைத்துக் காட்டட்டும்,” என்றார் சுப்பர்.

பரிசோதகர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினேன். ஈரப் புல்லின்மேல் ஒரு கணம் நின்று, வலது பாதத்தைச் சீமெந்துச் செருப்பின்மேல் வைத்தேன். குளிர் எலும்புவரை ஏறியது. என் பெருவிரல் முழுவதும், மற்ற விரல்களின் பாதியும் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. குதிக்காலும் பின்னே பிதுங்கியது. மறைக்க வழியில்லை. அந்த இளைஞன் சிறிய உடலினன்.

பரிசோதகர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்க்காமல், சாளரங்களின் பக்கம் ஒருமுறையும் தங்கச்சியின் பக்கம் ஒருமுறையும் பார்த்தார்.

“சீமெந்து காயும்போது சுருங்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்,” என்றார்.

“ஆம்,” என்றேன்.

“நன்றாகவே சுருங்கும்போல.”

“ஆம்.”

அவர் குறிப்பேட்டில் ஏதோ ஒரு வரி எழுதி மூடினார். “சப்பாத்தைப் போடுங்கள். காய்ச்சல் வந்துவிடும்,” என்று சொல்லிவிட்டு வண்டியை நோக்கி நடந்தார். சுப்பர் அவர் பின்னால் பேசிக்கொண்டே போனார். வண்டிக் கதவு மூடும் ஓசை கேட்கும்வரை எங்களுள் ஒருவரும் அசையவில்லை.

அதிகமானோர் குடியிருந்ததற்குச் சான்று காணப்படவில்லை என்று அறிக்கை வந்தது. நானூற்றாறுக்கான அறிவித்தல் கைவிடப்பட்டது. மற்ற நான்கும் கோடையில் கைவிடப்பட்டன. சுப்பர் மறுபடி எண்ணக்கூடாது என்பதற்காக வழக்கறிஞர் பலகைகளின் முன்னே ஒரு சிறிய தகட்டைப் பதிக்கச் செய்தார்: இது ஒரு கற்பனைப் படைப்பு. அதை நானே திருகாணி கொண்டு முடுக்கினேன். அடுத்த ஞாயிறு, மற்ற நான்கு வீட்டுக்காரருள் ஒருவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு என்னிடம் வந்தார். இரவு வேலை முடித்து உறங்காமல் எனக்காகச் சப்பாத்தைக் கொண்டுவந்து தந்தவர் அவர்.

“அப்ப என்ரை சப்பாத்தும் கற்பனையோ?”

விளக்கினேன். கேட்டார். “சரி, விளங்குது,” என்றார். அதற்குப் பிறகு அவர் புல்வெளிப் பக்கம் வந்ததை நான் காணவில்லை. ஒரு வாசலைக் காப்பதற்காக நான்கு வாசல்களையும் பொய்யாக்கியவன் நான். அவர் என்னை மன்னிக்கவேண்டிய கடமை இல்லை.

பரிசோதகர் வந்த புதன்கிழமைக்குப் பின் இரண்டு நாள்கள் சாப்பாட்டுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் தங்கச்சியே மூத்த பிள்ளையை அனுப்பி அழைத்தார். கதவடியில் சப்பாத்தைக் கழற்றி, வழக்கம்போல் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போக முயன்றேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கி, வெறுமையான நடைகூடத்தில், கதவுக்கு வெளியே, சுவரோடு சேர்த்து வைத்தார்.

“அங்கையே கிடக்கட்டும். விருந்தாளியின்ரை சப்பாத்துத்தானே.”

கணவர் உள்ளேயிருந்து, “எண்ணுறவர் எண்ணட்டும்,” என்றார்.

1989இல் அவர்கள் நகரின் கிழக்கே மோர்னிங்சைட் பக்கம் வீடெடுத்துப் போயினர். இளைஞர் மூவரும் அதற்கு முன்பே தனித்தனியே போய்விட்டனர். புல்வெளியில் குழாய் பதிக்கத் தோண்டியபோது ஐந்து பலகைகளும் அகற்றப்பட்டன. தகட்டை மட்டும் ஒருவர் எனக்கு எடுத்துத் தந்தார். அது என் மேசையில் இருக்கிறது.

ஆகவே இங்கே திருத்தி எழுதுகிறேன். அந்தக் கதவின்முன் கிடந்தவை எட்டுச் சோடி. கணவரின் வெதுப்பகத்துப் பூட்ஸ் ஒன்று, அவருடைய தம்பியின் தோல் சப்பாத்து ஒன்று, தங்கச்சியின் சப்பாத்து ஒன்று, பிள்ளைகளுடையவை இரண்டு, இளைஞர்களுடையவை மூன்று. ஊசி குத்திய செருப்பு என்னுடையது அன்று. கிடந்த கிடையில் ஒன்றையும் நான் மாற்றவில்லை. சீமெந்து அந்த அளவுக்குச் சுருங்குவதும் இல்லை. ஒரு செருப்பின் நீளத்துக்கு ஒரு மயிரிழைகூட வராது. மழையில் குனிந்து நின்ற அந்த மனிதருக்கும் அது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.